யாழ்ப்பாணத்தில் கட்டிக் கிடைக்கும் உணவு வண்டிகள்: லைற் நல்லாக எரியுது, உரிமம் கிடைக்குமா?

முகநூலைத் திறந்தால் இப்போது வரிசையாக வருகிற விளம்பரம் இது. கறுப்பும் மஞ்சளுமாகப் பெயின்ற் அடித்த பெட்டி, மேலே தூக்கித் திறக்கிற கதவு, விளிம்பெல்லாம் எல்.ஈ.டி. லைற், பக்கத்தில் கொத்து, றோல்ஸ், பர்கர் படம். கீழே ஒரு வரி: "வாங்கிய அன்றே வியாபாரம்". வண்டி வடிவாகத்தான் இருக்கிறது. அந்தக் கடைசி வரிதான் பிழை. ஒட்டுத் (வெல்டிங்) தொழிலகங்கள் இந்த வண்டிகளை வாங்க வருபவரின் கண்ணுக்காகக் கட்டுகின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் (பி.எச்.ஐ.) கண்ணுக்காகக் கட்டுவதில்லை. வேலை தொடங்கிய பிறகு வருகிற வில்லங்கத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

குடாநாட்டில் மூன்று வகை பரவலாகக் கிடைக்கிறது: தள்ளுவண்டில், ஓட்டோவின் பின்பக்கத்தில் பெட்டி ஏற்றியது, பட்டா எனப்படும் சிறிய லொறியின் தட்டில் சமையலறையே கட்டியது. மூன்றையும் இங்கே ஒரே கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறோம். பி.எச்.ஐ. உள்ளே எட்டிப் பார்த்தால் தேறுமா? உள்ளூராட்சிச் சபை உரிமம் தருமா? பொலிஸ் அந்த இடத்தில் நிற்க விடுமா?

தண்ணீரில்தான் முதல் அடி விழும்

மூன்று வகைக்கும் பொதுவான குறை தண்ணீர் ஏற்பாடு. விளம்பரத்தில் "சிங்க் உண்டு" என்று போட்டிருப்பார்கள். திறந்து பார்த்தால் ஒற்றைச் சிங்க், அதன் மேல் 20 லீற்றர் கான் ஒன்று, கீழே ஒரு வாளி. அதே சிங்கில் கோழியையும் கழுவி, கோப்பையையும் கழுவி, கையையும் கழுவ வேண்டும். இது தேறாது. கை கழுவுவதற்குச் சவர்க்காரத்தோடு தனிப் பேசின் வேண்டும்; பாத்திரம் கழுவுவது வேறாக இருக்க வேண்டும். பேசின் சின்னதாக இருக்கலாம், ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அகலம் போதும். ஆனால் தாச்சிக்குப் பின்னால் எட்டிப் பிடிக்கிற இடத்தில் வைத்தால் ஒருவரும் கை கழுவமாட்டார்கள். சமைப்பவர் நிற்கும் இடத்திலிருந்து ஒரு எட்டுக்குள் இருக்க வேண்டும்.

கழிவுநீர்த் தாங்கியின் அளவில் எல்லாத் தொழிலகங்களும் ஒரே பிழையைத்தான் விடுகின்றன. நல்ல தண்ணீருக்கு 60 லீற்றர் தாங்கி வைத்தால் கழிவுக்கு 40 லீற்றர் வைப்பார்கள். இடம் மிச்சமாம். நடப்பது என்னவென்றால், இரவு எட்டு மணிக்குக் கழிவுத் தாங்கி நிரம்பும்; வாடிக்கையாளர் கூட்டமாக நிற்பார்கள்; வால்வைத் திறந்து வாய்க்காலில் விட்டுவிடுவார்கள். எண்ணெய் கலந்த நீர் அங்கே உறைந்து நாறத் தொடங்கினால் முறைப்பாடு எழுதுகிற முதல் ஆள் பக்கத்துக் கடைக்காரர். கழிவுத் தாங்கி நல்ல தண்ணீர்த் தாங்கியை விட 10 முதல் 15 வீதம் பெரிதாக இருக்க வேண்டும். சிங்குக்கும் தாங்கிக்கும் நடுவே எண்ணெயைப் பிடித்து நிறுத்துகிற, கழற்றிக் கழுவக்கூடிய கொழுப்புப் பொறி ஒன்றும் வேண்டும். வாய்க்கால்கள் மழைநீருக்கானவை. அதில் ஊற்றியது கடலுக்கோ நிலத்தடிக்கோ போகும்.

நிலத்தடி என்றதும் இன்னொன்று. குடாநாடு சுண்ணக்கல். கிணறு ஆழமில்லை, மலசலகூடக் குழி பக்கத்துக் காணியில் இருக்கும். ஆகவே கிணற்றுநீர் தெளிவாகத் தெரிந்தாலும் ஈ.கோலைக் கிருமி இல்லாத கிணறு நகரப் பக்கம் குறைவு. வண்டிக்கு எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்பார்கள். "வீட்டுக் கிணறு" என்றால் நீர் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். குளோரின் போட்டால் தாங்கியில் எச்சம் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. தாளையடியில் 2024 இல் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குழாய்நீர் வருகிற வீடென்றால் இந்த அலுப்புக் குறைவு. தண்ணீர்க் கட்டணப் பட்டியலைக் காட்டலாம். யாழ்ப்பாணம் நீண்ட காலமாக நெருப்புக்காய்ச்சலுக்கு (தைபோயிட்)ப் பேர்போன மாவட்டம். அதனால்தான் இங்கே உணவைத் தொடுகிறவர்களிடம் மருத்துவச் சான்றிதழோடு தைபோயிட் தடுப்பூசி அட்டையையும் கேட்கிறார்கள். ஊசி மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். சமைப்பவருக்கு மட்டுமல்ல, காசு வாங்கிக்கொண்டு இடையில் றோல்ஸ் எடுத்துக் கொடுக்கிற தம்பிக்கும்தான்.

தகரமும் எவர்சில்வரும்

மேற்பலகை என்ன தகட்டில் அடிக்கிறார்கள் என்று கேட்டால் "நல்ல எஸ்.எஸ்." என்பார்கள். எந்தத் தரம், 304 ஆ, 202 ஆ என்று திருப்பிக் கேளுங்கள். நிக்கல் குறைந்த 202 விலை குறைவு. கடற்காற்றும் உப்புக் கலந்த கிணற்றுநீரும் சேர்ந்து ஒட்டு விழுந்த இடத்திலிருந்து மண்ணிறப் புள்ளி எழுப்பிவிடும். காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டவில்லை, ஆகவே 304 என்று முடிவு கட்ட வேண்டாம். 202 உம் ஒட்டாது. கொள்வனவுப் பற்றுச்சீட்டில் தரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் விளங்கிக்கொள்ள வேண்டியதுதான். உணவு படும் மேற்பலகைக்கு 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த தகடு தாழும். தாழும் இடத்தில் தண்ணீர் தேங்கும். ஒட்டு விழுந்த மூலைகளைத் தேய்த்து வழுவழுப்பாக்கி இருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். அழுக்குப் பிடிக்கிற வெடிப்பு, பலகைத் துண்டு, உள்ளே பெயின்ற் அடித்த சாதாரண இரும்பு ஆகியவற்றை உணவு நிலையங்களைப் பரிசோதிக்கும் எச் 800 படிவத்தோடு வருகிற பி.எச்.ஐ. உடனே பிடிப்பார்.

உட்சுவருக்கு மினுமினுப்பான பிளாஸ்ரிக் சீற் அடிப்பது இப்போதைய மோஸ்தர். அடுப்புக்குப் பின்னால் அதுவும் போனால் ஒரு மாதத்தில் வளைந்து கழரும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தகடுதான்.

காஸ் பெட்டி

12.5 கிலோ சிலிண்டரை அடுப்புக்கு நேர் கீழே வைக்க அலுமாரி செய்து கொடுப்பார்கள், கதவும் போட்டு. இதைவிடப் பிழையான வடிவமைப்பு கிடையாது. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, அலுமாரியின் அடியில் தேங்கி நிற்கும். சிலிண்டருக்கு வெளியிலிருந்து திறக்கிற தனி அறை வேண்டும். உள்ளறைக்கும் அதற்கும் நடுவே ஓட்டையில்லாத தகடு. அறையின் அடித்தட்டில், நிலத்தைப் பார்த்தபடி காற்றுத் துவாரம். மேலே துவாரம் வைத்துவிட்டு "காற்றோட்டம் இருக்குது" என்பவர்களிடம் வாங்காதீர்கள். ஓட்டத்தில் சிலிண்டர் ஆடாமல் பட்டியால் கட்ட இடம் வேண்டும். குழாய் தகடு துளைத்துப் போகிற இடத்தில் றப்பர் வளையம் இல்லாவிட்டால் அதிர்வில் வெட்டுப்படும். ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் சவர்க்கார நுரை பூசிப் பார்க்க வேண்டும். 2021 கடைசியில் நாடு முழுக்க நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகு இதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை என்று நினைத்தோம். வண்டிகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

உலர் தூள் தீயணைப்பான் ஒன்று அடிப்படை. அதைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால் நெருப்பைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுவது. அதற்காகத் தாச்சிக்குப் பொருந்துகிற மூடி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இனி வகை வகையாக

தள்ளுவண்டில்தான் விலை குறைவு. கச்சான், கடலை, வெட்டிய மாங்காய், வடை ஆகியவற்றுக்கு இதுவே போதும். கண்ணாடி மூடி மூன்று பக்கமும் இருக்கிறதா, நாலாவது பக்கத்துக்கு வழுக்குக் கதவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கொத்துக்கும் பொரியலுக்கும் இது சரிவராது. தண்ணீர்த் தாங்கி வைக்க இடமில்லை, சூட்டுக்கும் காற்றுக்கும் மறைப்பில்லை. மாங்காய் வெட்டுகிறவர் கத்தியையும் பலகையையும் கழுவ எங்கே போவார் என்பதையும் யோசிக்க வேண்டும். பழச்சாறு வண்டிலென்றால் பி.எச்.ஐ. முதலில் பார்ப்பது பழத்தையல்ல, ஐஸை. மீனுக்குப் போடுகிற ஐஸ்கட்டியை உடைத்துப் போட்டிருந்தால் அந்த இடத்திலேயே ஊற்றச் சொல்லுவார்.

ஓட்டோப் பெட்டிக்கு மவுசு அதிகம். பாண் ஓட்டோ எல்லோருக்கும் பழக்கம். அது ஒலித்துக்கொண்டு வருகிற பேத்தோவன் இசையைக் கேட்டால் பணிஸ் ஞாபகம் வருகிற ஊர் இது. பாண் ஓட்டோ ஏன் சிக்கலில்லாமல் ஓடுகிறது என்று பாருங்கள்: அதில் சமையல் இல்லை. பேக்கரியில் செய்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பது மட்டும்தான். அதே ஓட்டோவில் அடுப்பும் எண்ணெயும் சிலிண்டரும் ஏற்றினால் கதை மாறுகிறது. நீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. 60 லீற்றர் தாங்கி, நிறைந்த சிலிண்டர், தகட்டுப் பெட்டி, மா, முட்டை, ஆள் என்று கூட்டிப் பாருங்கள். பாரம் மேலே நிற்பதால் வளைவில் சாயும். பெட்டிக்காகச் சட்டகத்தை வெட்டியிருந்தால் அது பதிவுச் சான்றிதழில் உள்ள வாகனம் அல்ல. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் உருமாற்றினால் வீதியில் மறிக்கும்போதும் பிரச்சினை, விபத்து நடந்தால் காப்புறுதியிலும் பிரச்சினை. ஆகவே ஓட்டோ வாங்குகிறவர்கள் வெட்டாமல், ஆணி முறுக்கிக் கழற்றக்கூடிய பெட்டியையே கேளுங்கள். இலக்கத் தகடும் பின் லைற்றும் மறைபடக்கூடாது. சமைத்து முடித்ததை விற்பதற்கு ஓட்டோ நல்ல தெரிவு. கொத்துப் போடுவதற்கு அல்ல. சத்தத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

பட்டா வாகனத்தில் கட்டியதுதான் உண்மையில் உரிமம் எடுக்கத் தகுந்த சமையலறை. நேராக நிற்க உயரம், இரண்டு சிங்க், தாங்கிகளுக்கு அடித்தட்டில் இடம், சிறிய குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அடங்கும். குளிர் 5 பாகைக்குக் கீழ், சூடான உணவு 60 பாகைக்கு மேல் என்று வைத்திருக்க முடிகிறது இதில் மட்டும்தான். ஓட்டோவில் பட்டரியில் ஓடுகிற குளிர்பெட்டி மாலை நேரக் கதவு திறப்புக்குத் தாக்குப் பிடிக்காது. குறை, செலவு. லொறியாகப் பதிந்த வாகனத்துக்குத் தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் என்று வருடா வருடம் ஒரு சுற்று இருக்கிறது. மின்பிறப்பாக்கியை வண்டிக்குள்ளே வைக்கிற தொழிலகமும் உண்டு; புகை உள்ளே வரும், வேண்டாம். நிற்கும் இடத்தில் மின் இணைப்புத் தருகிற காணியைத் தேடுவதே மேல்.

காணி என்றதும்தான் உண்மையான விடயம் வருகிறது.

எந்தச் சபை, யாருடைய றோட்டு

யாழ் மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி மன்றங்கள்: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, பதின்மூன்று பிரதேச சபை. ஒரு சபை கொடுக்கிற உரிமம் அதன் எல்லைக்குள் மட்டும் செல்லும். நகருக்குள் உரிமம் எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகப் பிள்ளைகளை நம்பித் திருநெல்வேலியில் போய் நின்றால் அது நல்லூர்ப் பிரதேச சபை எல்லை. உரிமம் இல்லாதவர் கணக்குத்தான். இன்னும் குழப்பம் வேண்டுமா? நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இருப்பது நல்லூர்ப் பிரதேச சபைக்குள் அல்ல, மாநகர சபைக்குள். பேரை வைத்து அலுவலகம் தேடிப் போனால் ஒரு நாள் போய்விடும். வண்டிக்குச் சில்லு இருக்கிறதென்று ஊர் முழுக்க ஓடலாம் என்ற கணக்கைத் தொடக்கத்திலேயே விடுங்கள். ஒன்றோ இரண்டோ இடத்தைத் தீர்மானித்து, அந்த எல்லைக்கு விண்ணப்பிப்பதுதான் நடைமுறை.

அடுத்தது றோட்டு. கண்டி வீதி போன்ற பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதற்கடுத்த வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகளும் உள்வீதிகளும் சபைக்கு. சபை உரிமம் கொடுத்தாலும் பெருந்தெரு ஓரத்தில் நிற்கிற உரிமையை அது தராது. போக்குவரத்துப் பொலிஸ் எழுப்பினால் உரிமத்தைக் காட்டி வாதாட முடியாது. சந்திக்கும் பஸ் தரிப்புக்கும் பக்கத்தில் எப்படியும் நிற்க முடியாது. ஆகவே தனியார் காணியின் முன்பகுதி, எரிபொருள் நிலையம் இல்லாத கடைத் தொகுதியின் வளவு, மண்டப வளவு ஆகியவற்றில் நிற்பது பத்து மடங்கு நிம்மதி. காணிச் சொந்தக்காரரின் கையொப்பக் கடிதமும் ஒரு கைவரை படமும் இருந்தால் விண்ணப்பத்தில் பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

விண்ணப்பம் தமிழிலேயே நடக்கிறது, அது பெரிய ஆறுதல். சபையின் கருமபீடத்தில் படிவம். அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலர் உறுதிப்படுத்தல், வாகனப் பதிவுச் சான்றிதழும் காப்புறுதியும், இடத்துக்கான சம்மதம், ஆட்களின் மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்துக் கொண்டு போங்கள். வியாபாரப் பெயர் வைப்பதென்றால் பிரதேச செயலகத்தில் அதைப் பதிவு செய்வது வேறு அலுவல். பெயர்ப் பதிவை உரிமம் என்று நினைத்து மாதக்கணக்காக ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். சபை உங்கள் விண்ணப்பத்தைச் சுகாதாரப் பக்கம் அனுப்பும், பி.எச்.ஐ. பார்த்துச் சிபாரிசு செய்தால்தான் உரிமம். அவர் வண்டியை மட்டும் பார்க்கமாட்டார். மா குழைப்பது, கோழி வெட்டுவது, பாத்திரம் அடுக்குவது வீட்டுக் குசினியில் என்றால் குசினியையும் பார்ப்பார். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தில் அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்துக் குசினியை வைத்துக்கொண்டு பளபளக்கிற வண்டி வாங்கிப் பயனில்லை.

இந்தச் சேவையைப் பற்றிச் சொல்வதானால், ஒழுங்கு தெரிந்து போகிறவருக்குப் பெரிய தடங்கல் இல்லை. தெரியாமல் போகிறவருக்கு அலைச்சல். சபைக்கும் சுகாதாரப் பணிமனைக்கும் நடுவே கோப்பு போய்வருகிற நேரம்தான் ஆகலும் இழுபடும். கடித இலக்கத்தைக் குறித்து வைத்து, இரண்டு பக்கமும் நீங்களே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடமாடும் வியாபாரத்துக்கென்று கடைகளுக்கு உள்ளதுபோல் தெளிவான ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்தால் பாதி நடை குறையும். அதைச் செய்வதற்குச் சட்டத் திருத்தமா வேண்டும்?

உரிமம் நாட்காட்டி வருடத்துக்கு, டிசம்பர் 31 உடன் முடியும். ஒக்ரோபரில் வண்டி வாங்கி நவம்பரில் உரிமம் எடுத்தால் ஒரு மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். முடிந்தால் ஜனவரியைக் கணக்கு வைத்து வாங்குங்கள். சந்தைப் பக்கம் நிற்பவர்களிடம் குத்தகைக்காரர் நாளாந்தம் காசு வாங்கித் துண்டு கொடுப்பார். அந்தத் துண்டு இடத்துக்கான வாடகை மட்டும். அதைப் பத்திரமாகச் சேர்த்து வைத்து நீதிமன்றத்தில் உரிமமாகக் காட்ட முடியாது.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் தனிக் கணக்கு. கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனத்துக்கு மூடப்படும், கடை இடங்களை மாநகர சபை தனியாகக் கொடுக்கும். வருட உரிமம் இருக்கிறதென்று வண்டியைக் கொண்டுபோக முடியாது. அறிவித்தல் வருகிறபோதே விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சுற்றாடலில் மிதிவெடி (இறைச்சி வைத்த பெரிய றோல்ஸ்) விற்கிற யோசனையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பொதி செய்வதிலும் கவனம் வேண்டும். 2017 செப்ரெம்பரிலிருந்து பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடை. 2023 ஒக்ரோபரிலிருந்து ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி, ஸ்ட்ரோவும். வண்டியோடு "இலவசமாக" ரெஜிபோம் பெட்டிக் கட்டுக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய பத்திரிகைத் தாளில் வடை சுற்றுவதும் பி.எச்.ஐ. கண்ணில் படக்கூடாத ஒன்று. வாழையிலை இருக்கிறது, சந்தையில் கட்டுக் கட்டாக. விலைப்பட்டியல் வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும், 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் சட்டப்படி அது கட்டாயம். ஸ்ரிக்கரில் பர்கர் படத்துக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசி போதும்.

ஆகவே வாங்கும் ஒழுங்கு தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் இடம், பிறகு அந்தப் பகுதி பி.எச்.ஐ.யிடம் கையால் கீறிய படத்தோடு ஒரு சந்திப்பு, அவர் சொன்ன மாற்றங்களைக் குறித்துக்கொண்டு தொழிலகம், அதன் பின்தான் முற்பணம். ஒப்பந்தத் தாளில் நாலு வரி எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்: தகட்டின் தரமும் தடிப்பும், இரண்டு தாங்கிகளின் அளவு, சிலிண்டர் அறையின் அடித்துவாரம், சுகாதாரப் பரிசோதனையில் சொல்லப்படும் திருத்தங்களைக் கூடுதல் காசில்லாமல் செய்து தருவது. கடைசி வரிக்குச் சம்மதிக்கிற தொழிலகத்துக்கு வேலை தெரியும். மிச்சக் காசில் ஒரு பகுதியைப் பரிசோதனை முடியும்வரை கையில் வையுங்கள்.

பாவித்த வண்டி மலிவாக வருகிறதென்றால் "உரிமத்தோடு விற்பனைக்கு" என்ற சொல்லை நம்ப வேண்டாம். உரிமம் ஆளின் பேரில், அந்த இடத்துக்கு, அந்த வருடத்துக்கு. வண்டியோடு அது கைமாறாது. மாறுவது வண்டியும், அடுப்பின் கீழே முந்தின ஆள் கழுவாமல் விட்ட எண்ணெய்ப் படையும்தான்.